மெய் வேர், உயிர் வாய்பாடு: ஒரு புனைமொழியை இரண்டு முறை கட்டிய அனுபவம்

மகசூல், தாசில்தார் என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு எதுவும் தெரியாது. ஒன்று விளைச்சல், இன்னொன்று பதவி. ஆனால் இரண்டும் அரபியில் ஹ-ஸ-ல என்ற ஒரே மூன்று மெய்களிலிருந்து வந்தவை. கைக்கு வந்து சேர்வது என்பது அந்த மெய்களின் பொதுவான பொருள். வந்து சேர்ந்தது மஹ்ஸூல். வரவைப்பது, அதாவது வரி தண்டுவது, தஹ்ஸீல். அதோடு ‘தார்’ என்ற பாரசீக விகுதி சேர்ந்தால் தாசில்தார். வக்கீலும் வகாலத்தும் இப்படி உறவுக்காரர்கள்தான். சட்டம் ‘அமலுக்கு’ வருவதும் ‘மாமூல்’ என்பதும் ஒரே வேர். இன்னும் உற்றுக் கேட்டால் மகசூலும் மாமூலும் ஒரே தாளத்தில் இருப்பது காதில் படும்: முன்னால் ஒரு ‘ம’, பின்னால் ஒரு நீண்ட ‘ஊ’. வேர் வேறு, வாய்பாடு ஒன்று.

இந்த அமைப்பில் ஒரு புனைமொழி, அதாவது நானே கட்டிய ஒரு கற்பனை மொழி, செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக இருந்தது. செய்தேன். முதல் முறை செய்தது தோற்றது. இரண்டாவது முறை செய்தது நின்றது. ஏன் தோற்றது, எதை மாற்றியதால் நின்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நான் விழுந்த அதே குழியில் விழுவார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் கட்டுமானம்

வேலையைத் தொடங்கும்போது எனக்குத் தெரிந்தது இதுதான்: மூன்று மெய்கள் சேர்ந்து ஒரு வேர், அவற்றுக்கிடையே உயிர்களைச் செருகினால் சொல். தமிழனுக்கு இதைப் புரியவைக்க எந்தப் பாடமும் வேண்டியதில்லை. நம் இலக்கணம் மெய்யென்றும் உயிரென்றும் பெயர் வைத்ததே போதும். உடம்பு அப்படியே இருக்க, உயிர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மொழி. கெடு–கேடு, படு–பாடு, சுடு–சூடு என்று உள்ளே இருக்கும் உயிரை நீட்டிப் பெயர் செய்வது நமக்கும் பழக்கம்தான். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தது அதுவே.

உயிர்களின் அச்சுக்கு ‘வாய்பாடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டேன். அது தற்செயலாகக் கிடைத்த சொல் இல்லை. அரபு இலக்கணக்காரர்கள் எந்த அச்சைக் காட்டவும் ‘செய்’ என்று பொருள்படும் ஃப-அ-ல என்ற வேரைப் போட்டுக் காட்டுவார்கள். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் அரபு யாப்பை வகுத்தபோது சீர்களுக்கு வைத்த ஃபஊலுன், மஃபாஈலுன் போன்ற பெயர்களும் இதே வேரில் செய்தவைதான். நாம் தேமா, புளிமா என்கிறோம். வேலை ஒன்றே.

சரி, கணக்குக்கு வருகிறேன். 14 மெய்களை எடுத்துக்கொண்டேன். அவற்றிலிருந்து மும்மூன்றாகக் குலுக்கிப்போட்டு 240 வேர்கள். 12 வாய்பாடுகள்: செய்பவர், செய்யப்பட்டது, இடம், கருவி, பன்மை, இறந்தகாலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். பெருக்கினால் 2,880 சொற்கள், ஒரே மாலையில். அட்டவணை அழகாக இருந்தது. காலியான கட்டம் ஒன்றுகூட இல்லை.

எங்கே உடைந்தது

எழுதிய சில வரிகளை மொழிகளில் ஆர்வமுள்ள தோழி ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். ஒரு வரி இப்படி இருந்தது: ‘நாமிக் பாஷித் லாதிர்.’ உழுபவர், விற்பவர், சுமப்பவர். செய்பவர் வாய்பாடு ஆ-இ என்பதால் மூன்றும் ஒரே ஓசை. அடுத்த வரி முழுக்க உ-ஊ. அவர் படித்துவிட்டு, “பெருக்கல் வாய்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அவர் பாராட்டாகச் சொல்லவில்லை.

அந்த ஒரு சொல் என்னை உட்கார வைத்தது. அரபியிலும் வாய்பாடுகள் இருக்கின்றன, ஆனால் அரபி ஒப்பிப்பது போல் ஒலிப்பதில்லை. என்ன வேறுபாடு என்று தேட ஆரம்பித்தேன். குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முதலாவது, குலுக்கல். குலுக்கிப்போட்டதில் ப-ம-ப, த-ட-த, ஷ-ஸ-ச போன்ற வேர்கள் வந்திருந்தன. நாக்கு அவற்றில் இடறுகிறது. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1950இல் 3,775 அரபு வினைவேர்களை எண்ணிப் பார்த்து எழுதிய கட்டுரையை அப்போதுதான் படித்தேன். வாயில் ஒரே இடத்தில் பிறக்கும் மெய்கள் ஒரு வேருக்குள் அக்கம்பக்கமாக வருவதை மொழி தவிர்க்கிறது என்று அதில் காட்டியிருக்கிறார். முதல் இரண்டும் ஒரே மெய்யாக இருப்பது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்கலாம். ‘நீட்டு’ என்று பொருள்படும் ம-த-த போல. இந்த வித்தியாசத்தை எந்தக் குலுக்கலும் தராது.

இரண்டாவது, காலியிடம் இல்லாமை. அல்-கலீல் தன் அகராதியில் எழுத்துகளை எல்லா வரிசையிலும் மாற்றி மாற்றி அடுக்கி, புழங்கும் வேர் எது, புழங்காதது எது என்று பிரித்தார். 28 மெய்களில் ஒன்றும் திரும்ப வராமல் மூன்றை அடுக்கினால் 19,656 வரிசைகள் கிடைக்கும். அவற்றில் பெரும்பகுதி வெறும் காற்று. ஒரு மொழி எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் அதன் முகம்தான். என் அட்டவணையிலோ ‘கருப்பாக இருக்கும் இடம்’, ‘தூங்கும் கருவி’ என்று எந்த வாயும் கேட்காத சொற்கள் வரிசைகட்டி நின்றன.

மூன்றாவதுதான் ஆழமான குறை. என் மொழிக்கு நேற்று இல்லை. அட்டவணையோடு பிறந்த மொழி அது. ஏன் செய்பவருக்கு ஆ-இ? நான் வைத்தேன், அவ்வளவுதான். இப்படி வைத்தது எதுவும் எங்கேயும் நெளியாது, தேயாது, விலக்கு காட்டாது. எல்லாமே ஒப்பிப்பாக ஒலித்ததற்கு இதுதான் காரணம்.

இந்தப் பாதையில் முன்னால் போனவர்கள் உண்டு. எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகளில் வரும் குள்ளர்களுக்குச் செய்த குஸ்துல் மொழி, அரபியும் ஹீப்ருவும் சேர்ந்த செமிட்டிக் மொழிகளின் சாயலில் அமைந்தது. கஸாத் என்றால் குள்ளர்கள், குஸ்துல் என்றால் அவர்கள் மொழி, மெய்கள் அதே மூன்று. அதிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பவை கொஞ்சம் சொற்களே. ஆனாலும் பழையதொரு மொழியின் உடைந்த துண்டுகளைப் பார்ப்பது போல இருக்கிறது. என் 2,880 சொற்களில் அந்த உணர்வு ஒன்றில்கூட இல்லை.

அட்டவணையைத் தூக்கிவைத்துவிட்டு

இரண்டாவது முறை தொடங்கும்போது ஒரே ஒரு முடிவு எடுத்தேன்: வாய்பாடுகளை நான் வகுக்கமாட்டேன். விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும், தமிழ் போன்ற ஒரு மூதாதை மொழியை முதலில் செய்வேன். அப்புறம் அதை ஒலிமாற்றங்களில் தேய்ப்பேன். மெய்வேர் தானாக வெளிப்பட்டால் சரி, இல்லையென்றால் விட்டுவிடலாம்.

விகுதியைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் உயிர் மாறும் என்பதற்கு உலகம் முழுக்கச் சான்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபுட் என்பது பன்மையில் ஃபீட் ஆவது எப்படி? மிகப் பழைய நிலையில் ஃபோட் என்பதோடு ‘இஸ்’ என்ற பன்மை விகுதி ஒட்டியிருந்தது. பின்னால் வரும் இகரம் முன்னால் இருக்கும் உயிரைத் தன் பக்கம் இழுத்தது. பிறகு விகுதி தேய்ந்து போனது. இழுபட்ட உயிர் மட்டும் மிச்சம். இப்போது பன்மையைக் காட்டும் பொறுப்பு அதன் தலையில்.

நம் வாயிலும் இது நடக்கிறது. இடம் என்று எழுதி எடம் என்கிறோம். உடம்பு ஒடம்பு ஆகிறது, குடம் கொடம் ஆகிறது. அடுத்த அசையில் இருக்கும் அகரம் முந்தைய இகர உகரங்களைக் கீழே இழுக்கிறது. சொல்லின் கடைசியில் வரும் உகரம் குறுகுவதற்குக் குற்றியலுகரம் என்று பெயரே வைத்திருக்கிறோம். இரண்டு உயிர்களுக்கிடையே தனியாக மாட்டும் வல்லினம் மெலிவதும், இரட்டித்தால் வல்லினமாகவே நிற்பதும் நமக்கு மூச்சு விடுவது மாதிரி: பகல், பக்கம். எனக்குத் தேவையான கருவிகள் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. நான்தான் வெளியே தேடிக்கொண்டிருந்தேன்.

நான்கு மாற்றங்களை இந்த வரிசையில் வைத்தேன். முதலில், விகுதியின் இகரம் அதற்கு முன் உள்ள அகரங்களை எகரமாக்கும், உகரம் ஒகரமாக்கும். இரண்டாவது, கடைசிக் குறில் உதிரும். மூன்றாவது, மூன்றோ அதற்கு மேலோ அசை உள்ள சொல்லில் இரண்டாம் அசையின் உயிர் உதிரும். நான்காவது, இரண்டு உயிர்களுக்கிடையே ப, வ ஆகும். க, ஹ ஆகும்.

ஒரு வேர், பக்கத்தில் நின்று

‘கட்டு’ என்று பொருள்படும் ரபல் என்ற மூதாதைச் சொல்லை எடுத்துக்கொள்வோம். இதில் அகரங்கள் சொல்லின் சொந்த உடைமை. வேர் என்று தனியாக எதுவும் கிடையாது.

சும்மா விட்டால் ரபல், ரவல் ஆகிறது. பொருள்: கட்டு. செய்பவரைக் காட்டும் இகர விகுதியை ஒட்டினால் ரபலி. இகரம் இழுத்து ரெபெலி. கடைசி உதிர்ந்து ரெபெல். மெலிந்து ரெவெல்: கட்டுபவர். விளைவைக் காட்டும் உகரத்தை ஒட்டினால் ரபலு, ரொபொலு, ரொபொல், ரொவொல்: முடிச்சு. கருவியைக் காட்டும் ‘ம’ முன்னால் வந்தால் மரபல். மூன்று அசை என்பதால் நடு உயிர் உதிர்ந்து மர்பல்: கட்டும் கயிறு. இங்கே ப மெலியவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் இப்போது உயிர் இல்லை.

என்னை உண்மையிலேயே துள்ள வைத்தது அடுத்தது. மிகுதியைக் காட்ட மூதாதை மொழியில் நடு அசையை இரட்டித்திருந்தேன்: ரபபல். மூன்று அசை. நடு உயிர் உதிர்கிறது. கிடைப்பது ரப்பல்: இறுக்கிக் கட்டு. அரபியில் தரஸ என்றால் படித்தான், நடு மெய்யை இரட்டித்துத் தர்ரஸ என்றால் கற்பித்தான். அதைப் பார்த்துக் காப்பியடித்து முதல் மொழியில் நானே ஒரு இரட்டிப்பு வாய்பாடு வைத்திருந்தேன். இந்த முறை நான் வைக்கவில்லை, தானாக வந்து நின்றது.

பன்மைக்கு ஆ என்ற நெடில். முடிச்சின் பன்மை ரபலுவா, ரொபொலுவா, ரொப்லுவா. ‘உவா’ சேர்ந்து ஓகாரமாகி ரொப்லோ.

இப்போது மூதாதையை மறந்துவிட்டு வரிசையைப் பாருங்கள்: ரவல், ரெவெல், ரொவொல், ரொப்லோ, மர்பல், ரப்பல். இந்த மொழியில் பிறந்த குழந்தைக்கு விகுதி எதுவும் கண்ணில் படாது. மூன்று மெய்களும் அவற்றைச் சுற்றி மாறும் உயிர்களும்தான் தெரியும். ப-வ மாற்றம்கூட ஹீப்ருவில் அப்படியே இருக்கிறது. ஸ-ப-ர என்ற வேரிலிருந்து ஸேஃபெர் என்றால் நூல், மிஸ்பார் என்றால் எண், ஸிப்பூர் என்றால் கதை. உயிருக்குப் பின்னால் ஃப, மெய்யை அடுத்தும் இரட்டிக்கும்போதும் ப.

ஒரு நாள் மாற்றங்களின் வரிசையைத் தவறுதலாக மாற்றிவிட்டேன். மொழியில் பழைய வகரம் ஒன்றும் உண்டு. ஒரே மாதிரியான இரண்டு உயிர்களுக்கிடையே யகரமும் வகரமும் மறைந்து, உயிர்கள் ஒன்றாகி நீளும் என்று இன்னொரு விதி வைத்திருந்தேன். அது மெலிதலுக்கு முன்னால் நடக்க வேண்டும். பின்னால் போட்டுவிட்டேன். ரபல் ரவல் ஆகி, அந்த வகரமும் மறைந்து ரால் என்று நின்றது. பகரம் நடுவில் உள்ள வேர் எல்லாம் குழம்பிப் போனது. வரிசையைத் திருத்தியதும், உயிர்களுக்கிடையே வகரம் கேட்டாலே அது பழைய பகரம்தான் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. ஒலிமாற்றங்களை எழுதுகிறவர்கள் எந்த மாற்றம் என்பதைவிட எது முந்தி என்பதைக் குறித்துவைப்பது முக்கியம்.

வேர் மெய்யான தருணம்

இதுவரை நடந்தது வெறும் தேய்மானம். தேய்மானத்தால் மட்டும் மெய்வேர் பிறந்துவிடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

மூதாதை மொழியில் இகரச் சொற்களும் இருந்தன. ‘நட’ என்று பொருள்படும் நிமிஸ் அப்படியொன்று. செய்பவர் விகுதியை ஒட்டினால் நிமிஸி. இகரத்தை இகரம் இழுக்க என்ன இருக்கிறது? கடைசி உதிர்ந்தால் மீண்டும் நிமிஸ். நட என்பதும் நடப்பவர் என்பதும் ஒரே சொல்லாகிவிட்டன.

பேசுகிறவர் இந்த இடத்தில் என்ன செய்வார்? ரவல்–ரெவெல் என்று நூறு ஜோடிகள் அவர் காதில் இருக்கின்றன. நடப்பவர் என்று சொல்ல வேண்டியபோது நெமெஸ் என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லுக்கு வரலாறு கிடையாது. எந்த ஒலிமாற்றமும் அதைத் தராது. ஒப்புமை மட்டுமே தரும். ஆனால் அவர் அதைச் சொன்ன அந்த நொடியில் இகரம் வேரிலிருந்து கழன்றுவிட்டது. மிச்சம் இருப்பது ந-ம-ஸ. மெய்வேர் அங்கேதான் பிறக்கிறது, பேசுகிறவரின் மனதில்.

ஆனால் எல்லாம் சமமாகிவிடவில்லை. வெறும் வினை இன்னும் நிமிஸ்தான், நமஸ் இல்லை. அரபியிலும் அடிப்படை வினையின் நடு உயிர் வேருக்கு வேர் மாறுகிறது: தரஸ, ஷரிப (குடித்தான்), கபுர (பெரிதானான்). அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அந்த ஒழுங்கின்மைக்கு என் மொழியில் இப்போது ஒரு காரணம் இருக்கிறது.

மெலிந்த வேர்கள்

யகர வகரங்கள் உள்ள வேர்கள்தான் எனக்கு மிகப் பிடித்தவை. ‘பார்’ என்று பொருள்படும் ஸயன் என்ற சொல்லை அதே பாதையில் அனுப்பினேன். நடு யகரம் மறைந்து ஸான்: பார். பார்ப்பவர் ஸேன். காட்சி ஸோன். வேரில் இரண்டு மெய்தானோ என்று தோன்றும். ஆனால் பன்மைக்குப் போனால் நடு உயிர் முதலில் உதிர்ந்துவிடுவதால் யகரம் தப்பித்துக்கொள்கிறது: ஸொய்னோ. கருவி மஸ்யன், அதாவது சாளரம். உற்றுப்பார் என்பது ஸய்யன். புதைந்திருந்த மெய் திடீரென்று தலைநீட்டுகிறது.

அரபியில் க-வ-ல என்ற வேர் இப்படித்தான். கால என்றால் சொன்னான், வகரம் காணோம். கவ்ல் என்றால் சொல், வகரம் வந்துவிட்டது. பழைய தமிழ் ஆவணங்களில் ஒப்பந்தம் என்ற பொருளில் வரும் ‘கவுல்’ இந்தச் சொல்தான்.

முதல் மொழியில் இந்த மாதிரி வேர்களை நான் வேண்டுமென்றே தவிர்த்திருந்தேன், தொல்லை என்று. இப்போது அவை இல்லாமல் ஒரு பத்திகூட எழுதுவதில்லை. ஒப்பிப்பை உடைப்பவை அவைதான். ரெவெல் ஸேன் நெமெஸ் என்று மூன்று செய்பவர் பெயர்கள் ஒரே வரியில் வந்தாலும் ஓசை ஒன்றாக இல்லை.

பொருளை இறுக்காமல் விட்டது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லாக் கட்டத்தையும் நிரப்புவதை நிறுத்தினேன். ஏதாவது எழுதும்போது ஒரு சொல் தேவைப்பட்டால் மட்டுமே உருவாக்கினேன். அதே 240 வேர்களுக்கு (நாக்கு இடறியவற்றை மாற்றிய பிறகு) இப்போது 900 சொற்களுக்குக் கொஞ்சம் குறைவு. சில வேருக்கு ஏழெட்டு, சிலதற்கு ஒன்றே ஒன்று.

பொருளும் நகரலாம் என்று விட்டேன். அரபியில் மக்தப், மக்தபா இரண்டும் எழுதுவதோடு தொடர்புடைய இடம்தான். ஒன்று அலுவலகம், மற்றது நூலகம். வாய்பாடு ஒரு திசையைக் காட்டும், அவ்வளவே. அதுபோல மர்பல் என் மொழியில் கயிறாகத் தொடங்கி இப்போது திருமண உறவையும் குறிக்கிறது.

காலம் காட்டுவதை வேருக்குள் வைக்கவில்லை. பழைய மெசபடோமியாவின் அக்காதிய மொழி இப்ருஸ் (இறந்தகாலம்), இபர்ரஸ் (நிகழ்காலம்) என்று உள்ளேயே அதைக் காட்டியது. நான் முயன்றேன், என் ஒலிமாற்றங்களிலிருந்து அது வரவில்லை. வலிந்து நுழைத்தால் மறுபடியும் அட்டவணைதான். தனிச் சிறுசொற்களாக விட்டுவிட்டேன். இதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

கடன்சொல் ஒன்றையும் சோதித்தேன். அரபி ‘பேங்க்’ என்ற சொல்லை வாங்கிப் பன்மையில் புனூக் என்றது. ‘ஃபிலிம்’ அஃப்லாம் ஆனது. ஹீப்ரு ‘டெலிஃபோன்’ என்பதிலிருந்து நான்கு மெய்களை உருவி தில்ஃபேன் என்று வினையே செய்துவிட்டது. நான் ‘குடில்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். ஒருமையில் குடில் அப்படியே இருந்தது. பன்மை கொட்லோ என்று வந்தது. வந்த விருந்தாளிக்கும் வீட்டுச் சட்டம் பொருந்துகிறது என்றால் அந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் சோதனை

அதே தோழியிடம் மூதாதை மொழியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் முப்பது சொற்களைப் பொருளோடு கொடுத்தேன். எது எதற்கு உறவு என்று பிரிக்கச் சொன்னேன். ர-ப-ல குடும்பத்தை உடனே பிடித்துவிட்டார், ப-வ மாற்றம் உட்பட. “பகல், பக்கம் மாதிரிதானே” என்றார். மஸ்யனையும் ஸானையும் சேர்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சேர்த்தபோது முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்கமாட்டேன்.

அப்புறம் பட்டியலில் இல்லாத சொற்களை அவரையே செய்யச் சொன்னேன். காட்சி ஸோன் என்று கொடுத்திருந்தேன். காட்சிகள் என்றால் என்ன? ஸொய்னோ என்பதை அவர் பார்த்ததில்லை. ரொப்லோவை மனதில் வைத்துக்கொண்டு, கொஞ்சமும் தயங்காமல் “ஸோனோ” என்றார்.

தவறு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நிமிஸுக்கு நெமெஸ் செய்த அதே மனம்தான் இதையும் செய்திருக்கிறது. அன்று இரவு அகராதியில் ஸோன் என்ற பதிவைத் திறந்து எழுதினேன்: பன்மை ஸொய்னோ, இளையவர் பேச்சில் ஸோனோ.